அவள் தட்டில் கிடந்த திராட்சைத் தோல்

நான்கு ஆண்டுகளுக்கு முன், தைப்பொங்கல் கழிந்த இரண்டாம் வாரத்தில், தேனியில் ஒரு மருத்துவமனையின் மாடித் தாழ்வாரத்தில் நடந்தது இது. அன்று என் மனைவியைப் பற்றி மருத்துவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நான் சற்றும் தயங்காமல் விடை சொன்னேன். அந்த விடை பிழை. அந்தப் பிழையோடு இன்னும் ஒரு மணி நேரம் கடந்திருந்தால் நான் இதனை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

கம்பத்திற்கும் கூடலூருக்கும் இடையில் எங்கள் சிற்றூர். கல்லூரியில் தமிழ் பயிற்றுவித்து ஓய்வு பெற்ற பின், தந்தையார் விட்டுச்சென்ற சிறு வயலையும் முக்கால் ஏக்கர் திராட்சைப் பந்தலையும் பார்த்துக்கொண்டு நானும் மனைவியும் அங்கேயே இருக்கிறோம். ஒரே மகள் பெங்களூரில் வாழ்கிறாள். பந்தல் வேலைகளை ஓர் அம்மையார் கவனித்துக்கொள்கிறார். கொடி கட்டுவது, கிளை கழிப்பது, குலை வெட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. வயது ஐம்பதை நெருங்கும். என்னை ஐயா என்பார். என் மனைவியை அம்மா என்பார். ஆனால் அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளும் போது பார்த்தால் அக்காளும் தங்கையும் போல இருக்கும்.

எங்கள் பக்கத்தில் விளைவது பன்னீர்த் திராட்சை. கருநிறம், தடித்த தோல், உள்ளே விதை. சுவைக்குக் குறைவில்லை, ஆனால் அந்தத் தோல் எனக்குச் செரிக்காது. ஆகவே பகலுணவு முடிந்ததும் என் மனைவி ஒரு தட்டில் பழங்களை வைத்துக்கொண்டு எனக்கெதிரே அமர்வாள். தோலை உரிப்பாள், நக நுனியால் விதையைத் தள்ளுவாள், சதையைக் கிண்ணத்தில் இடுவாள். நான் செய்தித்தாளிலோ புத்தகத்திலோ கண்ணை வைத்தபடி கிண்ணத்திலிருந்து எடுத்து உண்பேன். தலை நிமிரும் போது அவள் முன்னே தட்டில் தோல் குவிந்திருக்கும். பல ஆண்டுகளாக நான் கண்டுவந்த காட்சி இது.

அந்தத் தை மாதத்திற்கு ஓராண்டு முன்பு, கம்பத்தில் பொதுப் பரிசோதனை ஒன்றுக்காக ஸ்கேன் எடுத்தபோது, அவளுடைய ஈரலில் ஒரு நீர்க்கட்டி தெரிந்தது. இப்போதைக்குத் தொந்தரவு இல்லை, ஆறு மாதம் கழித்து மீண்டும் காட்டுங்கள் என்றார்கள். அந்தத் தாளை நான் வாங்கி, படித்துக்கொண்டிருந்த நூலில் அடையாளத்திற்காக வைத்தேன். நூல் முடிந்தது, அலமாரிக்குப் போனது, தாளும் கூடவே போயிற்று. விலாவுக்குக் கீழே வலப்பக்கம் இழுத்துப் பிடிக்கிறது என்று அவள் எப்போதாவது சொல்வாள். வாயு என்பேன். அவளும் அவ்வாறே என்று ஒப்புக்கொள்வாள்.

பொங்கல் கழிந்த சில நாளில், ஒரு மாலை, அந்த வலி திடீரென்று மிகுந்தது. கூடவே உடலெங்கும் செந்தடிப்புகள் எழுந்து அரித்தன. பந்தலில் அன்று மருந்து அடித்திருந்தார்கள். காற்றில் வந்து பட்டிருக்கும் என்று எண்ணினோம். தடிப்பு தணிந்தது. ஆனால் மறுநாள் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் கண்கள் மஞ்சளாயின. காமாலை என்று ஊரே சொன்னது. நானும் கீழாநெல்லியைப் பறித்து வந்து, என் கையாலேயே அரைத்து மோரில் கலந்து கொடுத்தேன். பழைய ஏடுகளில் படித்தவற்றை எடுத்துச் சொல்லிக்கொண்டே கொடுத்தேன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இரண்டு நாள் இப்படிப் போயிற்று. ஐந்தாம் நாள் விடியற்காலையில் வாந்தி எடுத்தாள். எழுந்து நிற்க இயலாமல் சுவரைப் பற்றிக்கொண்டாள். ஒரு வாடகை வண்டியில் தேனிக்குப் புறப்பட்டோம். வண்டியிலும் ஒருமுறை வாந்தி. பிடித்த துண்டைச் சுருட்டி ஒரு நெகிழிப் பையில் போட்டு முடிந்துவைத்தேன்.

மருத்துவமனையில் எங்களைப் பார்த்தவர் ஓர் இளம் அறுவை மருத்துவர், பெண். சொற்களைச் சிக்கனமாகப் பயன்படுத்துபவர். ஸ்கேன் எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். அங்கேயும் அவள் ஒருமுறை வாந்தி எடுத்தாள், செவிலியர் அதைக் கழுவிவிட்டார். நண்பகலுக்குச் சற்று முன் மருத்துவர் தாழ்வாரத்திற்கு வந்து என்னை அழைத்தார். என் மனைவி அப்போது உள்ளே அரை மயக்கத்தில் இருந்தாள்.

ஈரலில் பெரிய கட்டி இருக்கிறது, உள்ளே இருப்பது தெளிவான நீராகத் தெரியவில்லை, கலங்கலாக இருக்கிறது, காய்ச்சலும் இருப்பதால் சீழ்க்கட்டியாக இருக்கக்கூடும் என்றார். பித்தக் குழாயும் வீங்கியிருக்கிறது, அதற்குள் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது, கல்லாகவும் இருக்கலாம் என்றார். பிற்பகல் மூன்று மணிக்கு ஸ்கேனில் பார்த்துக்கொண்டே விலாவுக்குக் கீழே ஊசி செலுத்திச் சீழை வடிப்பதாக ஏற்பாடு. நான் கையொப்பமிட்டேன். ஓராண்டுக்கு முன் கம்பத்தில் கண்ட நீர்க்கட்டி அப்போது எனக்கு நினைவுக்கே வரவில்லை. அவர் போகத் திரும்பினார். பிறகு ஏதோ ஒன்று உறுத்தியது போல நின்றார்.

“வாந்தியில தோல் தோலா வந்திருக்குன்னு சிஸ்டர் சொன்னாங்க சார். பழம் ஏதும் சாப்பிட்டாங்களா?”

“திராட்சை. எங்கள் தோட்டத்துப் பழம். நாள் தவறாமல் உண்பாள்.”

“இந்தக் காய்ச்சல்லயுமா?”

நேற்றுப் பகலில்கூட அவள் முன்னே தட்டில் தோல் கிடந்ததை என் கண்ணால் பார்த்தேனே. ஆம், நேற்றும் உண்டாள் என்று உறுதியாகச் சொன்னேன். மருத்துவர் தலையசைத்துத் தாளில் ஒரு சொல் எழுதிக்கொண்டு போனார். அந்த ஒரு சொல்லில் அவருடைய ஐயம் அடங்கிவிட்டது என்பதை நான் அப்போது அறியவில்லை.

ஏறத்தாழ ஒரு மணிக்குப் பந்தல் அம்மையார் வந்து சேர்ந்தார். கூடலூரிலிருந்து வந்த பேருந்தில் நின்றுகொண்டே வந்திருக்கிறார். தூக்குவாளியில் கஞ்சி, ஒரு மாற்றுச் சேலை, எண்ணெய்ப் புட்டி, சீப்பு. நேராகக் கட்டிலருகே போய் என் மனைவியின் முடியைக் கோதி முடிந்துவிட்டார். கண் விழித்த என் மனைவி அவரைப் பார்த்து, பந்தலை யாரிடம் விட்டு வந்தாய் என்று கேட்டாள். கொடி எங்கும் ஓடிவிடாது, நீ பேசாமல் படு என்று அவர் அதட்டினார். அவள் முகத்தில் அன்று கண்ட ஒரே சிரிப்பு அதுதான்.

வெளியே வந்ததும் என்னிடம் விவரம் கேட்டார். அவருக்குத் தைரியம் சொல்வதாக எண்ணிக்கொண்டு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். சீழ்க்கட்டி, ஊசி, மூன்று மணி. மருத்துவர் மிகவும் கருத்துள்ளவர், வாந்தியில் வந்த தோலைப் பற்றிக்கூடக் கேட்டார், திராட்சைத் தோல் என்று சொல்லிவிட்டேன் என்றேன்.

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

“என்னய்யா சொல்றீக. அம்மா திராட்சை தின்னு எத்தன வருசமாச்சு.”

நான் மறுத்தேன். நாள்தோறும் எனக்கெதிரே அமர்ந்து உண்பவளை நான் அறியாமலா என்றேன். சற்றுக் குரலை உயர்த்தியே சொல்லியிருப்பேன் போலும். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“உரிப்பாக. திங்க மாட்டாக. கயாவுல விட்டுட்டு வந்தாகல்ல. நீங்களும் கூடத்தான போயிருந்தீக?”

ஓய்வு பெற்ற ஆண்டு நாங்கள் காசிக்கும் கயைக்கும் சென்றிருந்தோம். கயையில் முன்னோர் கடன் முடித்த பின், அங்குள்ள ஆலமரத்தடியில் காய் ஒன்று, கனி ஒன்று என விரும்பி உண்பவற்றை வாழ்நாள் முழுதும் விட்டுவிடுவது வழக்கம். நான் கொத்தவரங்காயையும் விளாம்பழத்தையும் விட்டேன். இரண்டும் எனக்கு எந்நாளும் பிடித்ததில்லை. அந்தச் சாமர்த்தியத்தை ஊருக்கு வந்து நண்பர்களிடம் சொல்லிச் சிரித்ததும் உண்டு. என் மனைவியின் முறை வந்தபோது நான் சில அடி தள்ளி, சுவரில் பதித்திருந்த ஒரு கல்வெட்டின் எழுத்துகளைக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். அவள் குனிந்து மெல்லிய குரலில் ஏதோ சொன்னாள். என்னவென்று நான் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, ஊர் திரும்பிய பின்னும் கேட்கவில்லை. திராட்சைப் பந்தலின் நடுவே வாழ்ந்துகொண்டு ஒன்பது ஆண்டுகளாக ஒரு பழம்கூட வாயில் வைக்காதவள், ஒன்பது ஆண்டுகளாக எனக்கு உரித்துக் கொடுத்திருக்கிறாள். தோல் அவள் தட்டில் கிடந்தது. பழம் முழுதும் என் வயிற்றுக்குள் போயிருந்தது. நூற்று மூன்று பாகைக் காய்ச்சலோடு நேற்று உரித்ததும் எனக்காகவே.

நான் இருக்கையில் அமர்ந்தேன். ஆனால் அம்மையாரின் கவனம் வேறு ஒன்றில் இருந்தது. காலையில் வீட்டில் எடுத்த வாந்தியைக் கழுவியவர் அவர்தான். அதிலும் தோல் தோலாக எதையோ பார்த்திருக்கிறார்.

“அது பழத்தோலு இல்லய்யா. நம்ம பழத்தோலுன்னா துணியில பட்ட ஒடனே ஊதாக் கறை ஏறிரும், எந்தச் சோப்பு போட்டாலும் போகாது. இது கறையே விடல. முட்டைய உரிச்சா ஓட்டுக்கு உள்ளாற ஒரு சவ்வு இருக்கும்ல, அதாட்டம் வழுவழுன்னு இருந்துச்சு.”

இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். “என்னைய யாரு கேட்டா?” என்றார். குற்றம் சாட்டுவதாக இல்லை. நடந்ததை நடந்தவாறே சொன்னார்.

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு மணி ஆகியிருந்தது. மருத்துவரிடம் போக வேண்டும். போய், என் மனைவி என்ன உண்கிறாள், என்ன உண்பதில்லை என்பது எனக்கே தெரியாது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நாற்பதாண்டு இல்வாழ்க்கைக்குப் பின் ஒருவர் சொல்லத்தக்க சொல்லா அது? ஒரு கணம் இதையும் எண்ணினேன்: தோல் எதுவாயிருந்தால் என்ன, சீழ்க்கட்டி சீழ்க்கட்டிதானே. அந்த ஒரு கணம் எவ்வளவு நீண்டது என்று எனக்குத் தெரியும். அம்மையார் காத்திருக்கவில்லை. வாங்கய்யா என்று என் முழங்கையைப் பற்றி எழுப்பினார்.

மருத்துவர் வெளிநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையைத் தாண்டி உள்ளே சென்று, நான் சொன்னது தவறு, என் மனைவி திராட்சை உண்பதில்லை, உண்டு ஒன்பது ஆண்டுகள் ஆயின, எனக்கு இப்போதுதான் தெரிந்தது என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். அம்மையார் முட்டைச் சவ்வைப் பற்றிச் சொன்னதும் எழுந்தே நின்றுவிட்டார். அந்தத் தோல் எங்காவது கிடைக்குமா என்று கேட்டார். கட்டிலுக்கடியில் இருந்த நெகிழிப் பை என் நினைவுக்கு வந்தது. எறிந்துவிட வேண்டும் என்று காலையிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தேன். எறிய இடம் தெரியாமல் அது அங்கேயே கிடந்தது.

கையுறை அணிந்து அந்தத் துண்டை அவரே விரித்தார். மஞ்சள் படிந்த, ஒளி ஊடுருவும் மெல்லிய சவ்வுத் துண்டுகள் நான்கைந்து. உரித்த பச்சைத் திராட்சையின் தோல் போலவேதான் எனக்குத் தெரிந்தன. அம்மையார் சொன்னது சரி. துணியில் எங்கும் ஊதாக் கறை இல்லை. சவ்வுகளைச் சிறு புட்டியில் இடச்சொல்லிவிட்டு, மருத்துவர் என்னிடம் கேட்டார், வீட்டில் நாய் உண்டா, ஆட்டோடு பழக்கம் உண்டா என்று.

நாய் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். இம்முறை அம்மையாரைத் திரும்பிப் பார்த்தேன்.

அவர்தான் சொன்னார். ஆண்டுதோறும் நெல் அறுத்த பின் எங்கள் வயலில் ஆட்டுக்கிடை போடுவார்கள். உரத்துக்காக ஆடுகளைச் சில நாள் வயலிலேயே அடைத்து வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கிடைக்குக் காவலாக நாய்கள் வரும். அவற்றில் காது கிழிந்த செவலை நாய் ஒன்று, என் மனைவியைக் கண்டால் காலடியில் வந்து படுத்துக்கொள்ளும். அவள் அதன் காதிலிருந்து உண்ணி பிடுங்குவாள், சோறு பிசைந்து வைப்பாள். செவலைக்கு முன்னால் அதன் தாய் இருந்தது, அதற்கும் அப்படித்தான். இவையெல்லாம் எனக்கும் தெரிந்தவைதாம். ஆனால் நாய் உண்டா என்றால் வீட்டில் கட்டி வளர்ப்பதைத்தான் கேட்கிறார்கள் என்று நான் பொருள் கொண்டிருப்பேன்.

மருத்துவர் உடனே தொலைபேசியை எடுத்து மூன்று மணி ஊசியை நிறுத்தச் சொன்னார். பிறகு எங்களை அமரவைத்து விளக்கினார். நாயின் குடலில் வாழும் ஒரு சிறு நாடாப்புழுவின் முட்டை கழிவோடு வெளிப்பட்டுப் புல்லிலும் மண்ணிலும் நாயின் மயிரிலும் ஒட்டியிருக்கும். ஆடு அதனை மேய்ந்தால் அதன் ஈரலில் நீர்க்கட்டி வளரும். அந்த ஈரலை நாய் தின்றால் மீண்டும் புழுவாகும். இவ்விரண்டுக்கும் இடையில் மனிதர் கைவழியே வாய்க்கு அந்த முட்டை போய்விடுவதும் உண்டு. போனால் பத்து ஆண்டு, இருபது ஆண்டு அமைதியாக உள்ளே வளரும். என் மனைவியின் கட்டி, தை மாதத்து அந்த மாலையில் உடைந்து பித்தக் குழாய்க்குள் திறந்துகொண்டிருக்க வேண்டும். தடிப்பும் அரிப்பும் அதனால் வந்தவை. கட்டியின் உட்சவ்வுகள் குழாயை அடைத்ததால் காமாலை. அடைபட்ட பித்தத்தில் கிருமி சேர்ந்ததால் காய்ச்சல். சில சவ்வுகள் குடலில் இறங்கி வாந்தியில் வந்திருக்கின்றன. இரத்தத்தில் ஒவ்வாமைக்கும் புழுவுக்கும் மிகும் அணுக்கள் கூடியிருந்ததைக் கண்டு அவருக்கு ஐயம் தோன்றியிருக்கிறது. அதனால்தான் தோலைப் பற்றிக் கேட்டிருக்கிறார்.

“நீங்க திராட்சைன்னு அடிச்சுச் சொன்னதும் விட்டுட்டேன் சார். இத சீழ்க்கட்டின்னு நெனச்சு ஊசி குத்தியிருந்தா, உள்ள இருக்கிற தண்ணி வயித்துக்குள்ள கசிஞ்சிருக்கும். சில பேருக்கு அந்த நிமிஷமே பிபி விழுந்துரும்.”

அவர் குரலில் கடுமை இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

சி.டி. ஸ்கேன் அவர் எண்ணியதை உறுதி செய்தது. மாலை ஐந்து மணிக்கு ஆம்புலன்சில் மதுரைக்குப் புறப்பட்டோம். முன்னிருக்கையில் என்னை அமரச் சொன்னார்கள். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். அம்மையார் அவள் தலைமாட்டில், நான் கால்மாட்டில். ஆண்டிபட்டிக் கணவாயில் வண்டி ஏறியபோது அவளுக்கு மீண்டும் நடுக்கம் வந்தது. அவள் பாதங்களை என் மடியில் வைத்துக்கொண்டேன். பாதம் எவ்வளவு சிறியது என்பதைக்கூட அன்றுதான் கவனித்தேன்.

மதுரையில் மறுநாள் காலை, வாய் வழியாகக் கருவியைச் செலுத்தி, பித்தக் குழாய் குடலில் திறக்கும் வாயைச் சற்று அகலப்படுத்தி, உள்ளே அடைத்திருந்த சவ்வுகளை வழித்தெடுத்தார்கள். மீண்டும் அடைக்காதிருக்க ஒரு சிறு குழல் வைத்தார்கள். எடுத்தவற்றைத் திரையில் எனக்குக் காட்டினார்கள். உரித்த தோல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தது போல இருந்தது. நான் நெடுநேரம் பார்க்கவில்லை.

இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. நான்காம் நாள் கண்ணின் மஞ்சள் குறையத் தொடங்கியது. புழுவுக்கான மாத்திரைகள் தொடங்கின. ஒரு மாதம் கழித்து வயிற்றைத் திறந்து மீதிக் கட்டியை அகற்ற வேண்டும் என்றார்கள். அவள் முதலில் கேட்டது செவலையைப் பற்றி. அதனை யாரும் அடித்துவிடக் கூடாது, அதற்கு ஒன்றும் தெரியாது என்றாள். அதற்கும் மாத்திரை உண்டு என்று மருத்துவர் சொன்ன பின்னரே கஞ்சி குடித்தாள்.

அன்று பிற்பகல் அம்மையார் துணி அலசப் போயிருந்த நேரத்தில், நான் அவளிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். மருத்துவரிடம் சொன்ன விடை, ஆலமரத்தடியில் பாராமல் நின்றது, விளாம்பழம், யாவற்றையும். நீ திராட்சையை விட்டது எனக்குத் தெரியாது என்றேன். இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை என்றும் கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது.

அவள் சன்னல் பக்கம் திரும்பினாள். பிறகு சிரித்தாள்.

“உரிக்கிறப்ப ஒரு நாளாச்சும் நீயும் ஒண்ணு தின்னுன்னு சொல்லுவீகன்னு பாத்தேன். சொல்லியிருந்தா, விட்டுட்டேன்னு சொல்லியிருப்பேன்.”

என் கண் கலங்கியதைக் கண்டு, இதென்ன சின்னப் பிள்ளையாட்டம் என்று கடிந்துகொண்டாள். இனி நானும் திராட்சையைத் தொடமாட்டேன் என்று சொன்னேன். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்த பரிகாரம் அது ஒன்றே.

“அது எதுக்கு? அப்ப நான் யாருக்கு உரிக்கிறது?” என்றாள்.

அறுவை முடிந்து, மாத்திரைகள் முடிந்து, ஆறு மாதத்திற்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்து வருகிறோம். இதுவரை ஈரல் தெளிவாக இருக்கிறது. தேனி மருத்துவர் சொன்னபடி நானும் அம்மையாரும்கூடப் பரிசோதித்துப் பார்த்துக்கொண்டோம். எங்களுக்கு ஒன்றும் இல்லை. அடுத்த கிடை வந்தபோது கீதாரியிடம், அதாவது கிடையின் தலைவரிடம், நான் போய்ப் பேசினேன். நீர் கோத்த ஈரலைத்தானே நாய்க்குப் போடுகிறோம், நல்ல ஈரலை யார் போடுவார்கள் என்று அவர் வெள்ளையாகக் கேட்டார். நான் விளக்கியது அவருக்கு முழுதும் விளங்கியதா என்பது ஐயமே. பக்கத்தில் நின்ற அம்மையார், “அந்த நீருதான்யா எங்க அம்மா வயித்துக்குள்ள இருந்துச்சு” என்றார். அதன்பின் அவர்கள் அத்தகைய ஈரலை ஆழக் குழி தோண்டிப் புதைக்கிறார்கள். நாய்களுக்கு முறையாக மருந்து கொடுக்கிறார்கள். செவலை இப்போதும் வரும். என் மனைவி இப்போதும் சோறு வைப்பாள். உண்ணி பிடுங்குவதை மட்டும் விட்டுவிட்டாள். சோறு வைத்த பின் சோப்பிட்டுக் கை கழுவுவதற்கு நான் செம்பில் நீரோடு நிற்பேன்.

அந்தப் பழைய ஸ்கேன் தாளும் ஒருநாள் கிடைத்தது. நான் அடையாளம் வைத்த பக்கத்திலேயே இருந்தது. அதனை இப்போது அவளுடைய மருத்துவக் கோப்பில் முதல் தாளாக வைத்திருக்கிறேன்.

பகலுணவுக்குப் பின் இப்போது பழத்தை நான்தான் உரிக்கிறேன். விதையைத் தள்ள என் நகத்துக்கு இன்னும் பழக்கம் வரவில்லை. பாதிச் சதை தோலோடு போய்விடுகிறது. எதிரே அமர்ந்து அவள் அதைச் சுட்டிக்காட்டிக் கேலி செய்வாள். அவளுக்கென்று மாதுளை முத்துகள் ஒரு கிண்ணத்தில் இருக்கும். அவற்றையும் நான்தான் உதிர்த்து வைப்பேன். ஆனால் அதற்கு முன், உரித்த முதல் திராட்சையை அவளிடம் நீட்டி, நீயும் ஒன்று தின்னு என்பேன். “அதான் விட்டுட்டேன்ல” என்பாள். விடை எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். எனினும் ஒன்பது ஆண்டுகள் அவள் காத்திருந்த அந்த ஒரு கேள்வியை ஒருநாளும் தவறாமல் கேட்கிறேன்; கேட்ட பிறகே பழம் எனக்கு இனிக்கிறது.